ஒரே கிணற்றுத் தண்ணீர்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியில் மாத்தளையையும் நாவுலயையும் தாண்டினால், 72 கிலோமீற்றரில் தம்புள்ளை வரும். குகை விகாரை பார்க்கப் போகிறவர்களுக்கும், பொருளாதார மத்திய நிலையத்தில் விடிய விடிய மரக்கறி மூட்டை இறக்குகிறவர்களுக்கும் அந்த ஊர் பழக்கம். சிறுநீரக வைத்தியம் தெரிந்தவர்கள் இதே வீதியை வேறு விதமாக வாசிப்பார்கள். வடக்கே போனால் மதவாச்சி. 1990களில், சீனி வருத்தமும் இல்லாத, பிரஷரும் இல்லாத நெல் விவசாயிகள் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கிய பகுதிகளில் அதுவும் ஒன்று. தெற்கே வந்தால் கண்டி. அங்குள்ள தேசிய வைத்தியசாலையில் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடக்கிறது. நோய் ஒரு பக்கம், சத்திரசிகிச்சை மறுபக்கம், நடுவில் தம்புள்ளை. இன்னொருவருக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வரும் ஒருவரை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. உலகத்துக்கெல்லாம் பொதுவாக எழுதிவைத்த சோதனை முறை அதிகம் யோசிக்க வேண்டியிருப்பது இங்கேதான்.

அந்த நோய்க்குக் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். பதவியா, மெதிரிகிரிய, கிராந்துருகோட்டை என்று உலர் வலயம் நெடுக அது பரவியிருக்கிறது. தம்புள்ளை இருக்கும் மாத்தளை மாவட்டத்தில் வில்கமுவ அதன் பிடியில் உள்ள இடமாக நீண்டகாலமாகவே அறியப்பட்டது. கிணற்று நீரின் கடினத்தன்மை, அதிலுள்ள புளோரைட்டு, வயலுக்கு அடிக்கும் மருந்து, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பது என்று பலவற்றின் மீது சந்தேகம் விழுந்தது. கிளைபோசேற்று களைகொல்லியை அரசாங்கம் 2015இல் தடைசெய்து, பிறகு 2018இல் சில பயிர்களுக்கு மட்டும் திரும்ப அனுமதித்தது. கிராமங்களில் ஆர்.ஓ. தண்ணீர் நிலையங்கள் வந்தன. ஒரே ஒரு காரணத்தை நோக்கி விரல் நீட்ட விஞ்ஞானத்தால் இன்னும் முடியவில்லை. எல் சல்வடோர், நிக்கரகுவா கரும்புத் தோட்டங்களிலும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதற்கு நெருங்கிய உறவான நோய்கள் உண்டு. எல்லா இடங்களிலும் பாதிக்கப்படுகிறவர் ஒரே மாதிரியானவர்: வெயிலில் உடம்பை முறித்து வேலை செய்கிறவர், நடுவயதுக்காரர், ஏழை.

இப்போது ஓர் அண்ணனையும் தம்பியையும் கற்பனை செய்துகொள்வோம். தோட்டத்திலிருந்து வந்து தம்புள்ளைக்குக் கிழக்கே காணி பிடித்துக் குடியேறிய ஒரு குடும்பம். அண்ணனுக்கு 45 வயது, தம்பிக்கு 30. இரண்டு பேரும் ஒரே கிணற்றில் குடித்தவர்கள், ஒரே வயலில் நின்றவர்கள். அண்ணனின் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு கிடந்து இரத்தத்தைச் சுத்திகரிக்கிறார். டயலிசிஸ் செய்யாத நாளில் செய்த நாளின் களைப்பைத் தூங்கிக் கழிக்கிறார். "அண்ணே, என்னோடதுல ஒண்ண எடுத்துக்கங்க" என்கிறான் தம்பி. "வேணாம்டா, ஒனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்கிறார் அண்ணன். தம்பி கேட்கவில்லை. இருவரும் கிளினிக்குக்கு வருகிறார்கள்.

அங்கே ஒரு விசித்திரம் நடக்கிறது. வைத்தியத்தின் மற்றப் பிரிவுகளில் பெரும்பாலும் வருத்தம் உள்ளவரைத்தான் வெட்டுவார்கள். இங்கே எந்த வருத்தமும் இல்லாத ஒருவனை, அவன் உடம்புக்கு எந்த நன்மையும் தராத ஒரு சத்திரசிகிச்சைக்கு ஆயத்தம் செய்கிறார்கள். ஆகவே அடுத்து வரும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை ஒரே நோக்கில்தான் படிக்க வேண்டும். அண்ணனுக்குச் சிறுநீரகம் கிடைப்பதற்காக அவை நடப்பதாகத்தான் வெளியே தெரியும். உண்மையில் தம்பியைப் பாதுகாப்பதற்காகவே அவை உருவாக்கப்பட்டன. வேண்டாம் என்று சொல்வதற்கான காரணத்தைத் தேடுவதே அந்தக் குழுவின் முதல் வேலை. தேடியும் கிடைக்காவிட்டால்தான் சம்மதம்.

சோதனைகளுக்குப் போகுமுன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். உயிருள்ள உறவினரிடமிருந்து சிறுநீரகம் எடுத்த தொடக்ககால முயற்சிகளில் ஒன்று 1952 டிசம்பரில் பாரிஸில் நெக்கேர் ஆஸ்பத்திரியில் நடந்தது. மாரியுஸ் ரெனார் என்ற 16 வயதுத் தச்சுத் தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்து சிறுநீரகம் கிழிந்து கொண்டுவரப்பட்டான். இரத்தப்போக்கை நிறுத்த அதை அகற்றினார்கள். அகற்றிய பிறகுதான் தெரிந்தது, அவனுக்குப் பிறவியிலேயே இருந்தது அந்த ஒரே சிறுநீரகம்தான் என்று. தாய் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அது மூன்று வாரம் வேலை செய்தது. பிறகு பையனின் உடம்பு அதை நிராகரித்தது, அவன் இறந்துபோனான். ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி ஒற்றைச் சிறுநீரகம் இருக்கலாம்; சாகும்வரை அது அவர்களுக்குத் தெரியாமலே போகவும் கூடும். கொடையாளியின் சோதனை ஒரு சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுடன் தொடங்குவதற்கு இது ஒன்றே போதும். கொடுப்பதற்கு முன், இரண்டு இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு, 1954 டிசம்பர் 23 அன்று, பொஸ்டனில் ஜோசப் மரே செய்த சத்திரசிகிச்சை வெற்றிபெற்றது. ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரன் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரா என்று உறுதிசெய்ய, ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். அது உதிராமல் நின்றது. அன்றைய குழு வைத்தியர்களிடம் மட்டுமல்ல, மதகுருமார், சட்டத்தரணிகளிடமும் போய்க் கேட்டது: ஆரோக்கியமான ஒருவனை வெட்ட எங்களுக்கு உரிமை இருக்கிறதா? சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவு ரிச்சர்ட் தன் சகோதரனுக்கு, எழுந்து வீட்டுக்குப் போய்விடு என்று துண்டு எழுதி அனுப்பினார். நான் இங்கேதான் இருப்பேன் என்று ரொனால்ட் பதில் எழுதினார். ரிச்சர்ட் அதன்பின் எட்டு வருடம் வாழ்ந்தார். கொடுத்த ரொனால்ட் 2010இல், 79 வயதில்தான் இறந்தார். மரேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் இந்தச் சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. இலங்கையில் 1985இல் கொழும்பில் முதல் சிறுநீரக மாற்று நடந்தது. ரெஸ்வி ஷெரிப், ஏ. எச். ஷெரிப்தீன் ஆகிய பேராசிரியர்களின் பெயர்கள் அந்தத் தொடக்கத்தோடு பிணைந்தவை.

தம்பியின் சோதனைக்கு வருவோம். முதலில் இரத்த வகை. ஓ வகைக்காரர் எல்லோருக்கும் கொடுக்கலாம், ஏ.பி. வகைக்காரர் எல்லோரிடமும் வாங்கலாம், மற்றவர்களுக்கு அவரவர் விதி. ஆர்.எச். பொசிட்டிவா நெகட்டிவா என்பது இதில் பெரிய விஷயம் இல்லை.

அடுத்தது எச்.எல்.ஏ. எனப்படும் திசுப் பொருத்தம். ஆறாவது நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் சில பரம்பரை அலகுகள், உடம்பின் கலங்களுக்கு மேல் ஓர் அடையாளத்தைப் பதிக்கின்றன. அந்தத் தொகுதியில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. அதனால் பெற்றோரும் பிள்ளைகளும் குறைந்தது பாதியாவது பொருந்துவார்கள். கூடப்பிறந்தவர்களுக்கு அது சீட்டுக் குலுக்கல்: முழுக்கப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு, பாதி பொருந்த நான்கில் இரண்டு, துளியும் பொருந்தாமல் போக நான்கில் ஒன்று. கூடப்பிறந்தவன் என்பதால் மட்டும் பொருத்தம் உறுதி என்று நினைத்து வருகிற குடும்பங்கள் இங்கே திகைத்துப்போவதுண்டு. இன்றைய மருந்துகளைக் கொண்டு, துளியும் பொருந்தாத கணவன் மனைவிக்கு இடையிலும் மாற்று செய்ய முடிகிறது. ஆகவே இது ஒரு தடை அல்ல, ஒரு மதிப்பெண்.

தடையாக நிற்பது மூன்றாவது சோதனை. கொடுப்பவரின் வெண்குருதிக் கலங்களைப் பெறுபவரின் இரத்தநீரோடு கலந்து பார்க்கிறார்கள். பெறுபவரின் உடம்பில் கொடுப்பவருக்கு எதிரான பிறபொருளெதிரிகள் ஏற்கெனவே இருந்தால் அந்தக் கலங்கள் அங்கேயே செத்துப்போகும். இந்த எச்சரிக்கையை மீறினால், பொருத்திய சிறுநீரகம் சத்திரசிகிச்சை மேசையிலேயே கறுத்துப்போகக்கூடும். இதை 1969இல் நிறுவிய போல் தெரசாகி, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் ஜப்பானிய வம்சாவளிக் குடிமக்களை அடைத்துவைத்த முகாமொன்றில் சிறுவயதைக் கழித்தவர். அந்த எதிரிகள் எங்கிருந்து வருகின்றன? முன்பு ஏற்றிய இரத்தத்திலிருந்து, முன்பு செய்த மாற்றிலிருந்து, கர்ப்பத்திலிருந்து. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தந்தையின் அடையாளங்களைத் தாயின் உடம்பு சந்திக்கிறது, அவற்றுக்கு எதிராகப் பழகிக்கொள்கிறது. அதனால்தான் பல பிள்ளை பெற்ற மனைவிக்குக் கணவன் ஆசையோடு நீட்டும் சிறுநீரகத்தை அவள் இரத்தம் மறுத்துவிடுவது நடக்கிறது.

இவை எல்லாம் அண்ணனுக்காக. இனி வருவது தம்பிக்காக.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன. அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சிறுகுழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ள, மிஞ்சுவது சிறுநீர். நிமிடத்துக்கு எவ்வளவு வடிகிறது என்பதே சிறுநீரகத்தின் வலுவைக் காட்டும் எண். உடல் அளவுக்கு ஏற்பச் சரிசெய்து, நிமிடத்துக்கு 90 மில்லிலீற்றரும் அதற்கு மேலும் இருந்தால் கொடுக்கத் தகுதி. 60க்குக் கீழே இருந்தால் தகுதியில்லை. இடையில் இருந்தால் ஆளையும் வயதையும் பார்த்து முடிவு செய்யலாம் என்கிறது கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டி. சிறுநீரில் ஒரு நாளில் கழியும் அல்புமின் புரதத்துக்கும் அப்படியொரு படி உண்டு: 30 மில்லிகிராமுக்குக் கீழே நல்லது, 100க்கு மேலே கூடாது.

ஒன்றை எடுத்தபின் மற்றது சும்மா இருப்பதில்லை. சில வாரங்களில் அது சற்றுப் பெருத்து, கூடுதலாக வடிக்கத் தொடங்குகிறது. பாதியாகக் குறைய வேண்டிய வடிகட்டல், முன்பிருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் வந்து நிற்கிறது. குளத்தில் இரண்டு மதகில் ஒன்றை மூடினால் மற்றதில் தண்ணீர் வேகமாகப் பாயும். வயலுக்குக் குறைவில்லை, ஆனால் அந்த மதகின் கல் கூடுதலாகத் தேய்கிறது. மிஞ்சும் சிறுநீரகம் அந்தத் தேய்மானத்தை ஐம்பது வருடம் தாங்குமா என்பதுதான் கேள்வி. சீனி வருத்தமோ பிரஷரோ இருந்தால் தாங்குவது கடினம். ஆகவே குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதிக்கிறார்கள், 24 மணிநேரமும் பிரஷரை அளக்கும் கருவியைக் கையில் கட்டிவிடுகிறார்கள், எடையையும் குடும்ப வரலாற்றையும் கேட்கிறார்கள்.

இந்த அளவைகளில் எளிதாகத் தோன்றுவதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. கிரியற்றினின் என்பது தசையில் இயல்பாக உண்டாகும் ஒரு கழிவு. அது இரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்து வடிகட்டலை ஊகிக்கிறார்கள். மெலிந்த, தசை குறைந்த ஒருவருக்கு அந்த எண் இயல்பாகவே குறைவு; அவர் சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதுபோல் தெரியும். முதல் நாள் வெயிலில் நின்று உடம்பு காய்ந்து வந்தவருக்கும், இரவு இறைச்சி சாப்பிட்டு வந்தவருக்கும் அது ஏறிக் காட்டும். அதனால் ஒரு நாள் முழுவதும் கழியும் சிறுநீரைச் சேர்த்து அளக்கச் சொல்கிறார்கள், அல்லது கதிரியக்கச் சுவடு கலந்த மருந்தை ஏற்றி நேரடியாக அளக்கிறார்கள். ஒரு நாள் சிறுநீரைச் சேர்ப்பது கேட்க எளிது. சந்தையில் மூட்டை தூக்கும் ஒருவர், ஒரு முறைகூடத் தவறவிடாமல் ஒரே போத்தலில் சேர்க்க வேண்டுமானால் அன்று கூலியை விட வேண்டும். ஒரு முறை தவறினாலும் கணக்கு பிழைத்துவிடும். அது ஏன் என்று பொறுமையாக விளக்கும் தாதியின் ஐந்து நிமிடம், விலை உயர்ந்த இயந்திரத்துக்குச் சமம்.

வில்கமுவ, மதவாச்சிப் பக்கத்து நோயின் இயல்பு இங்கேதான் குறுக்கே வந்து நிற்கிறது. சீனி வருத்தத்தில் முதலில் கெடுவது சிறுநீரகத்தின் வடிகட்டி, அதாவது கலன்கோளம். வடிகட்டி ஓட்டையானால் அல்புமின் ஒழுகும்; ஒரு காகிதத் துண்டை நனைத்தாலே நிறம் மாறிச் சொல்லிவிடும். உலர் வலயத்து நோய் வடிகட்டியை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருக்கும் சிறுகுழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த திசுவையும் அரிக்கிறது. தொடக்கத்தில் அல்புமின் ஒழுகுவதில்லை, அல்லது மிகச் சொற்பம். பிரஷர் ஏறுவதில்லை. கால் வீங்குவதில்லை. ஆள் வயலுக்குப் போய்வந்துகொண்டே இருப்பார். கொடையாளியைச் சோதிக்க உலகம் நம்பியிருக்கும் இரண்டு காவலர்களும், சிறுநீர் அல்புமினும் இரத்த அழுத்தமும், இந்தத் திருடனைப் பார்த்துப் பழகாதவர்கள்.

தம்பியின் நிலையை இப்போது யோசித்துப் பாருங்கள். இரத்தத்தால் அண்ணனுக்கு அவனைவிட நெருக்கமானவர் கிடையாது. அண்ணனைக் கெடுத்தது தண்ணீரோ மண்ணோ வெயிலோ, எதுவானாலும் அதற்கும் அவன் அதே அளவு நெருக்கமானவன். அண்ணனுக்கு நோய் வெளிப்பட்டது நாற்பதுகளில். தம்பிக்கு இப்போது 30. இன்று அவன் சோதனைகள் எல்லாம் சுத்தமாக வந்தாலும், கொழும்பில் அலுவலகத்தில் வேலை செய்யும் 30 வயதுக்காரனின் சுத்தமான முடிவுக்கும் அவனுடையதற்கும் ஒரே பொருள் இல்லை. இந்தத் துறையின் பொதுவான உண்மை ஒன்று இங்கே கூர்மையாகிறது: 55 வயதில் ஆரோக்கியமாக இருக்கும் அக்காவை எடைபோடுவது எளிது, ஏனென்றால் வர வேண்டிய நோய்கள் பெரும்பாலும் வந்து காட்டியிருக்கும். இளைஞனின் உடம்பு இன்னும் பேசத் தொடங்கவில்லை. இளம் சிறுநீரகம் நல்ல சிறுநீரகம் என்று குடும்பம் நினைக்கிறது. வாங்குபவருக்கு அது சரி; கொடுப்பவருக்கு அந்தக் கணக்கு தலைகீழ்.

கே.டி.ஐ.ஜி.ஓ. வழிகாட்டி ஒரு நல்ல யோசனையை முன்வைத்தது. ஒவ்வொரு சோதனையையும் தனித்தனியாகப் பார்த்துப் பிழை பிடிக்காமல், எல்லாவற்றையும் சேர்த்து இந்த மனிதருக்கு வாழ்நாளில் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து எத்தனை வீதம் என்று கணித்து, அதை முன்கூட்டியே வகுத்த எல்லையோடு ஒப்பிடுங்கள் என்றது. அதற்கான கணிப்புச் சூத்திரம் 2016இல் வெளியானது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் அது அமெரிக்க மக்களின் நிலைக்கு ஏற்பக் கட்டப்பட்டது. வயதைக் கேட்கும், எடையைக் கேட்கும், புகைப்பாரா என்று கேட்கும். எந்தக் கிணற்றில் குடித்தார் என்று கேட்காது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருக்கும் வைத்தியர்.

கேட்டபின் செய்யக்கூடியவை சில உண்டு. சிறுநீரில் பீற்றா-2, அல்பா-1 மைக்ரோகுளோபியுலின் போன்ற சின்னஞ்சிறு புரதங்களை அளக்கலாம். நல்ல சிறுகுழாய் அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், கெட்டது விட்டுவிடும். கிரியற்றினினை ஒரு முறையோடு நிறுத்தாமல் சில மாத இடைவெளியில், வெயில் காலத்தில் ஒன்றும் மழைக் காலத்தில் ஒன்றுமாக எடுத்துப் பார்க்கலாம். அதே வீட்டில் வேறு யாருக்காவது சிறுநீரகப் பழுது இருக்கிறதா என்று தேடலாம். இரண்டாவது ஆள் கண்டுபிடிக்கப்பட்டால் தம்பியின் தகுதி பெரிதும் தளர்கிறது. சந்தேகம் தீராவிட்டால் ஊசியால் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம், ஆனால் அதில் இரத்தம் கசியும் ஆபத்து உண்டு. ஆரோக்கியமானவனை அதற்கு உட்படுத்தலாமா என்பது இன்னொரு தர்மசங்கடம். கடைசி வழி, குடும்பத்தில் வேறோர் இடத்தில் வளர்ந்தவரைத் தேடுவது: தோட்டத்திலேயே தங்கிவிட்ட அக்கா, கொழும்புக்குப் போய்விட்ட சித்தப்பா மகன். திசுப் பொருத்தம் ஒரு படி குறைந்தாலும் மருந்து அதைச் சமாளிக்கும். தம்பிக்கு நாளை நோய் வந்தால் எந்த மருந்தும் அவன் கொடுத்ததைத் திருப்பித் தராது. உலர் வலயத்தில் இந்த வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மற்றச் சோதனைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். எச்.ஐ.வி., ஹெப்பற்றைற்றிஸ் பி, சி, காசநோய். நெஞ்சுப் படம், இருதயம், வயதுக்கேற்ற புற்றுநோய்ச் சோதனைகள். கடைசியில் சி.ரி. ஸ்கேனில் நாடிகளையும் நாளங்களையும் பார்ப்பார்கள், ஏனென்றால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் நாடி ஒன்றுக்கு மேல் இருக்கும். இடதுபக்கச் சிறுநீரகத்தின் நாளம் நீளமானது, தைக்க வசதி, அதனால் பெரும்பாலும் அதையே எடுக்கிறார்கள். ஆனால் இரண்டில் ஒன்று மற்றதைவிடத் தெளிவாக நன்றாக வேலை செய்தால் விதி மாறும்: நல்லது கொடுப்பவரிடமே தங்க வேண்டும்.

ஆபத்தின் எண்களைத் தம்பியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 80,000க்கும் மேற்பட்ட கொடையாளிகளைப் பின்தொடர்ந்து 2010இல் வந்த ஆய்வு, சத்திரசிகிச்சைக்குப் பின் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 10,000க்கு 3 பேர் என்றது. அதன்பின் வந்த கணக்குகளில் அது ஒன்றுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. 2014இல் வந்த இன்னோர் ஆய்வு, 15 வருடத்தில் சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்த கொடையாளிகள் 10,000க்கு ஏறத்தாழ 31 பேர் என்றும், அதே அளவு ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் அது ஏறத்தாழ 4 பேர் என்றும் காட்டியது. ஆபத்து சிறிது, ஆனால் பல மடங்கு கூடியது. இரண்டு உண்மையையும் ஒன்றாகச் சொல்லாவிட்டால் அது பாதி உண்மை. கொடுத்தபின் கருத்தரிக்கும் பெண்களுக்குக் கர்ப்பகாலப் பிரஷர் வரும் வாய்ப்பு 100க்கு 5இலிருந்து 11ஆக ஏறுகிறது என்று கனடாவின் 2015 ஆய்வு சொல்கிறது. இன்னும் பிள்ளை பெற எண்ணியிருக்கும் தங்கையிடம் இதைச் சொல்லாமல் கையொப்பம் வாங்குவது பெரும் தவறு.

எல்லாச் சோதனையிலும் கடினமானது தனியறையில் நடக்கும் பேச்சு. அண்ணன் வெளியே, தம்பி மட்டும் உள்ளே. உன்னை யாராவது கட்டாயப்படுத்தினார்களா? காணி தருவதாக, கடனைத் தீர்ப்பதாகச் சொன்னார்களா? கொடுக்காவிட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள்? உன் மனைவிக்குத் தெரியுமா? மூன்று மாதம் மூட்டை தூக்க முடியாது, அந்த நாட்களில் அடுப்பு எப்படி எரியும்? இந்தக் கேள்விகளைக் கொடுப்பவரின் மொழியில் கேட்க வேண்டும். தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் ஒருவரிடம் சிங்களத்தில் கேட்டு, அவர் தலையாட்டியதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது சம்மதமே ஆகாது. மொழிபெயர்க்க அண்ணனின் மகனைக் கூப்பிடுவதும் கூடாது. தன் தந்தைக்குச் சிறுநீரகம் வேண்டியவன் எப்படி நடுநிலையாக மொழிபெயர்ப்பான்?

பயந்துபோன தம்பிக்கு வெளியேற ஒரு வாசல் வைக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கட்டத்திலும், சத்திரசிகிச்சை மேசைக்குப் போகும் வழியிலும்கூட, அவன் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் வைத்தியக் குழு குடும்பத்திடம், இவர் கொடையாளியாகத் தகுதியில்லை என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும். காரணம் யாருக்கும் சொல்லப்படாது. தமிழ்க் குடும்பங்களின் பாசம் எவ்வளவு பெரியதோ, அதன் நெருக்குதலும் அவ்வளவு பெரியது. இந்த ஒரு வரி எத்தனையோ பேரின் மானத்தைக் காப்பாற்றக்கூடியது. உலகின் பல நாடுகளில் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம், இந்தியாவில் அந்தச் சாய்வு மிகப் பெரிது. தாயும் மனைவியும் தங்கையும் முன்வருவது அன்பினால்தான். என்றாலும், வீட்டில் மறுத்துப் பேசும் உரிமை யாருக்குக் குறைவோ அவரிடம் இந்தக் கேள்விகளை இரண்டு முறை கேட்க வேண்டும்.

சொந்தமல்லாதவர் கொடுக்க வரும்போது நெறிமுறைக் குழு வேறு விதமாக விழிப்பாகிறது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் இருக்கிறது. உறுப்பு வாணிபத்தைக் கண்டித்த இஸ்தான்புல் பிரகடனம் 2008இல் வந்தது. இருந்தும் 2016 ஜனவரியில், கொழும்பில் இந்தியர்களுக்குச் சிறுநீரகம் மாற்றியதில் பண வியாபாரம் நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்ததை அடுத்து, வெளிநாட்டவர்களுக்கான சிறுநீரக மாற்றைச் சுகாதார அமைச்சு நிறுத்திவைத்தது. அதே நாட்டில்தான், முகம் தெரியாதவருக்கு ஒரு சதமும் வாங்காமல் சிறுநீரகம் கொடுத்த பௌத்த பிக்குகளும் இருக்கிறார்கள். தானத்தைப் பெரும் பேறாகக் கருதும் ஒரு பண்பாடும், கடனில் மூழ்கிய கிராமங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, ஒருவர் எதற்காகக் கொடுக்கிறார் என்று பத்திரத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதற்காகவே அந்தப் பேச்சை நேரம் எடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பேச வேண்டியிருக்கிறது.

தம்பி தகுதியற்றவன் என்று முடிவானால்? சோதனை அவனிடம் தொடக்கநிலைப் பழுதைக் கண்டிருந்தால், அண்ணனுக்குக் கிடைக்காத ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்கிறது: பத்து வருடம் முன்கூட்டியே வந்த செய்தி. அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அண்ணனின் கோப்பை மூடிவைப்பது வைத்தியம் ஆகாது. அவனுக்குத் தனியாக ஒரு கிளினிக் இலக்கம் வேண்டும், நல்ல குடிநீர் வேண்டும், வெயில் வேலைக்கு நடுவே தண்ணீரும் நிழலும் வேண்டும், இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோபினாக் வகை மாத்திரைகளை விடச் சொல்ல வேண்டும்.

தகுதியானவனாகிக் கொடுத்துவிட்டாலும் அந்த மாத்திரைத் தடை அவனுக்கும் பொருந்தும், வாழ்நாள் முழுக்க. பெறுபவர் மாதந்தோறும் கிளினிக்குக்கு வருவார், மருந்து எடுப்பார், எல்லோர் கண்ணிலும் இருப்பார். கொடுத்தவர் தையல் ஆறியதும் வயலுக்குத் திரும்பி, பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுவார். அவருக்கு வருடத்துக்கு ஒரு முறை வேண்டியவை மூன்றே: பிரஷர், இரத்தத்தில் கிரியற்றினின், சிறுநீரில் அல்புமின். உலர் வலயத்தில் வாழ்பவரானால் சிறுகுழாய்ப் புரதத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது. முதல் மூன்றையும் செய்யக் கண்டிக்கோ, சீன உதவியோடு கட்டி 2021இல் திறந்த பொலன்னறுவைச் சிறுநீரக வைத்தியசாலைக்கோ போக வேண்டியதில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியே போதும். வேண்டியது அவர் பெயரில் ஒரு கோப்பும், அவர் வராத வருடத்தில் அவரைத் தேடிப் போகும் ஓர் ஆளும். சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கும் அன்றே, அடுத்த வருடச் சோதனைக்கான திகதியையும் குறித்து, அதைச் செய்யப்போகும் உள்ளூர் வைத்தியரின் பெயரையும் தம்பியின் கையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.